பாதி வண்டி, மீதி உழைப்பு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தொழிலாளி இணையத்தில் மலிவுவிலை சீன மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் பணம் கட்டினால், அது சாவியைத் திருகி ஓட்டிப் போகும் நிலையில் வந்து சேராது. இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அட்டை சுற்றி, லாரியில் வந்து இறங்கும். முன்சக்கரம் தனியாக இருக்கும். ஹேண்டில்பார் தனி, மட்கார்டு தனி. நட்டு, போல்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும். கூடவே வரும் கையேடு பெரும்பாலும் எதற்கும் உதவாது. வாங்கியவர்தான் சட்டத்தை அறுத்து, வண்டியைக் கோத்து, எண்ணெய் மாற்றி, கார்பரேட்டரைச் சரிசெய்து ஓட்டியாக வேண்டும்.

காடு, மணல், கரடு என்று எங்கும் ஏறி இறங்கும் வகை வண்டி இது. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். அங்கே அதிகம் பேசப்படும் ஒன்றின் பெயர் ‘ஹாக் 250’. பெயரில் 250 இருந்தாலும் எஞ்சினின் கொள்ளளவு 229 சிசிதான். விலை காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும் என்றாலும் பல ஆண்டுகளாக சுமார் 1,500 டாலரை ஒட்டியே இருந்திருக்கிறது. இதே வேலைக்கு ஜப்பானிய நிறுவனத்தின் புது வண்டி வேண்டுமென்றால், ஹோண்டாவின் ‘சிஆர்எஃப் 300 எல்’ 2021இல் வந்தபோது அதன் விலை 5,249 டாலர்.

நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதைவிடக் கூலிக்கு மாற்றிப் பார்த்தால் விளங்கும். அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009இல் நிர்ணயித்தது, இன்றுவரை உயரவில்லை. டெக்சாஸில் அதுதான் சட்டக் கூலி. அந்தக் கூலி வாங்குபவர் சீன வண்டிக்கு சுமார் 207 மணி நேரம் உழைக்க வேண்டும், அதாவது ஐந்து வாரங்களுக்குச் சற்று மேல். ஜப்பானிய வண்டிக்கு 724 மணி நேரம், பதினெட்டு வாரங்கள். சாப்பாடு, வாடகை எதுவும் கழிக்காத கணக்கு இது. இரண்டுக்கும் இடையிலுள்ள 500 மணி நேரத்தில் ஒரு பகுதியை வாங்குபவர் தன் கையால், ஸ்பேனர் பிடித்து, வீட்டு முற்றத்தில் கட்டுகிறார். தொழிற்சாலை முடிக்காமல் விட்ட வேலையை அவர் முடிக்கிறார், அவ்வளவுதான்.

தலித் மக்களின் செய்திகளுக்கான இந்தப் பத்தியில் அமெரிக்காவில் ஓடும் சீன வண்டிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

இந்த எஞ்சினின் மூதாதை ஹோண்டாவின் ‘சிஜி 125’. 1970களின் நடுவில் வந்தது. அதற்கு முன் ஹோண்டா நிறுவனம் ஆசிய நாடுகளில் விற்ற வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க அதன் பொறியாளர்கள் நேரில் போனார்கள். அவர்கள் கண்டது நமக்குப் பழகிய காட்சிதான். ஒருவருக்கான வண்டியில் மூன்று பேர், பின்னால் மூட்டை, காலத்தில் மாற்றாத எண்ணெய், தூசி அடைத்த காற்று வடிகட்டி, புழுதியில் தேய்ந்த செயின். மற்ற ஹோண்டா எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேலே, எஞ்சின் தலையில் இருக்கும். அதைச் சுழற்ற ஒரு மெல்லிய சங்கிலி ஓடும். எண்ணெய் கெட்டால் முதலில் அடி வாங்குவது அந்த மேல்பகுதிதான்.

எனவே அவர்கள் ஓட்டுபவரைத் திருத்தப் போகாமல் எஞ்சினை மாற்றினார்கள். கேம் தண்டைக் கீழே இறக்கினார்கள். சங்கிலிக்குப் பதிலாகப் பல்சக்கரம் வைத்து, அங்கிருந்து மேலே வால்வு வரை இரண்டு தள்ளுகம்பிகளை நிறுத்தினார்கள். பழைய காலத்து ஏற்பாடுதான். பந்தயத்துக்கு உதவாது. ஆனால் கவனிப்பில்லாமல் பல ஆண்டுகள் ஓடும், ஊர்ப் பட்டறையிலேயே பிரித்து மாட்டலாம். பின்செயினைப் புழுதி படாமல் முழுதாக மூடினார்கள். பிரேசிலின் மனாவுஸ் நகரில் 1976இல் ஹோண்டா ஆலை திறந்தபோது அங்கே முதலில் தயாரான வண்டி இதுதான். பாகிஸ்தான் சாலைகளில் இன்றும் புதிதாக விற்கிறது. ஏழை நாட்டு உழைப்பாளிக்கென்று யோசித்துச் செய்த எஞ்சின்கள் உலகில் அதிகமில்லை. அவற்றில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

சீனாவின் சோங்சிங் நகரம் இந்த எஞ்சினைக் கையில் எடுத்தது. அங்கே ஆயுதத் தொழிற்சாலைகளாக இருந்தவை 1980களில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின. பின்னர் தனியார் வந்தார்கள். சோங்ஷென் நிறுவனத்தைத் தொடங்கியவர் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். லிஃபான் நிறுவனத்தைத் தொடங்கியவர், அரசியல் காரணங்களால் இளமையின் பெரும்பகுதியைத் தண்டனையில் கழித்து, பிறகு புத்தக வியாபாரம் செய்து, 54 வயதில் 1992இல் வண்டித் தொழிலுக்கு வந்தவர். ஒரே அளவில் பிஸ்டன், ஒரே அளவில் கிளட்ச் தட்டு, ஒரே அளவில் கார்பரேட்டர் என்று நகரம் முழுக்கப் பட்டறைகள் செய்து குவித்தன. யாரிடம் வாங்கி யார் கோத்தாலும் வண்டி வந்துவிடும். அந்த எஞ்சினே 125, 150, 200 என்று பெருத்து 229 சிசி வரை வந்தது. ஒரு ஊரில் முகவர் கடை இல்லாவிட்டாலும் உதிரிபாகம் கிடைத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

மலிவுக்கு விலையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வந்து இறங்கிய வண்டியில் இருக்கும் எண்ணெயை நம்பி ஓட்டக்கூடாது என்பது அங்கே வாங்குபவர்களின் முதல் பாடம். அதை வடித்துவிட்டு, கிளட்ச் நனைந்து ஓடும் மோட்டார் சைக்கிளுக்கென்றே வரும் எண்ணெய் சுமார் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இந்த வகை எஞ்சினில் காகித வடிகட்டி கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழற்சியில் கசடை ஒதுக்கும் கிண்ணமும்தான் காவல். அதனால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை, பிறகு அடுத்தடுத்துச் சீக்கிரமே மாற்றுகிறார்கள். முதல் எண்ணெயில் மினுமினுக்கும் இரும்புத் துகளைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது வரும் துகள் அது. மூன்றாவது முறையும் அதே அளவு வந்தால்தான் பயப்பட வேண்டும்.

அடுத்தது நட்டுகள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், சக்கர அச்சுகள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அச்சு, ஹேண்டில்பார் பிடிமானம், பிரேக் காலிப்பர். கழற்றி, நூல்பூட்டும் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். ஹேண்டில்பாரின் கீழுள்ள பேரிங்கில் கிரீஸ் போதுமா என்று திறந்து பார்ப்பவர்கள் உண்டு; பல வண்டிகளில் போதாது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி சத்தென்று சொல்லும். காட்டுப் பள்ளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்சக்கர நட்டு கழன்றால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மலிவு வண்டி வாங்கியவரின் எலும்பு மலிவானதல்லவே.

இனி கார்பரேட்டர். இந்த வண்டியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பொருந்துவதற்காக ஆலையிலேயே பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி வைத்து அனுப்புகிறார்கள். மெக்கானிக்குகள் இதை ‘லீன்’ என்பார்கள். காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். சோக்கைத் தள்ளியவுடன் அணைந்துபோகும். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும். நல்ல கலவையில் ஓடிய பிளக் இளம்பழுப்பாக, வறுத்த காப்பிக்கொட்டையைவிடக் கொஞ்சம் வெளிர்ந்து இருக்க வேண்டும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது என்று பொருள்.

சரிசெய்வதற்கு மூன்று இடங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாத நிலையிலிருந்து கால் பங்கு வரை பேசுவது பைலட் ஜெட். கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் முழுமை வரை மெயின் ஜெட். எந்த இடத்தில் வண்டி தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கு உரியதை மட்டும் மாற்ற வேண்டும். ஊசியைச் சற்று உயர்த்தினால் நடுப்பகுதியில் பெட்ரோல் கூடும். உயர்த்த இடமில்லாத ஊசிகளின் அடியில் ஒரு சிறிய வாஷரைப் போட்டு உயர்த்துகிறார்கள். மிக்சிங் ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாது என்று ஆலையில் அதன்மேல் மூடி அடித்து அனுப்புவதுண்டு. அதைத் துளையிட்டு எடுக்கிறார்கள். ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் வெளியே திருகக் காற்று கூடும், அதாவது பெட்ரோல் குறையும். இந்த ஒன்றைத் தெரியாமல் திருகித் திருகி வண்டியைக் குறை சொல்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒருவருக்குச் சரியான ஜெட் அளவு இன்னொருவருக்குச் சரியாக இருக்கும் என்பதில்லை. கடற்கரையை ஒட்டிய ஹூஸ்டனில் நன்றாக ஓடிய வண்டியை 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்து, அதே ஜெட் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு ஓட்டிப் பார்ப்பது, பிளக்கைப் பார்ப்பது, நோட்டில் எழுதி வைப்பது. இதைத்தான் டியூனிங் என்கிறோம். சாலையில் பதிவுசெய்த வண்டியில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கலைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே இதைச் செய்பவர்கள் பலர். சட்டம் தெரிந்து செய்பவர்கள் எத்தனை பேரோ.

இதையெல்லாம் எங்கள் பகுதியில் சிறிய மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் படங்களோடு காட்டினேன். பத்தாம் வகுப்போடு நின்று, பதினைந்து வயதில் ஸ்பேனர் கழுவத் தொடங்கியவர். அவர் வியப்படையவில்லை. “இதுல என்னண்ணே இருக்கு? பழைய ஹீரோ ஹோண்டாவுக்கு நாங்க தினமும் பண்றதுதானே. அங்க ஓனரே பண்றாரு, இங்க ஓனருக்கு நாங்க பண்றோம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெட்ரோல்ல இப்ப எத்தனால் சேத்துட்டாங்கல்ல, அதுல இருந்து பழைய வண்டியெல்லாம் இதே மாதிரி லீனா ஓடுதுண்ணே, ஒரு ஜெட்டு ஏத்திப் போடச் சொல்லி வர்றாங்க” என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு அதைக் கலக்கும்போது பழைய கார்பரேட்டர் வண்டிக்குக் கலவை மெலிகிறது. அமெரிக்காவில் 10 விழுக்காட்டுக்கே புலம்புகிறார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள் என்ற சொல் நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரிவு 3(1)இல் புதிதாகச் சேர்ந்த குற்றங்களில் ஒன்று, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது. செருப்பு அணிவதும், புதுத்துணி உடுத்துவதும், திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதும் அதே வரியில் இருக்கின்றன. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் 2015இல் உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருந்தது. எழுதியும் தீரவில்லை. 2025இன் தொடக்கத்தில் நம் தென்மாவட்டம் ஒன்றில் தலித் மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. விலையுயர்ந்த மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டியதுதான் காரணம் என்று அவருடைய குடும்பத்தினர் முறையிட்டார்கள்.

டெக்சாஸ்காரர் தன் மலிவு வண்டியைக் கோக்கும்போது அவருக்கிருக்கும் கவலை நட்டு கழலுமா என்பதுதான். எந்தத் தெரு வழியாக ஓட்டலாம் என்ற கவலை இந்த வண்டியோடு பெட்டியில் வருவதில்லை.

அம்பேத்கர் தன் வாழ்வனுபவக் குறிப்பில் எழுதிய ஒரு நிகழ்ச்சி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1929இல் அவர் பம்பாய் மாகாண அரசின் குழு ஒன்றின் உறுப்பினராகப் பயணம் செய்தபோது சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். ஊரிலிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்தார்கள். டாங்கா வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். கடைசியில் ஒரு சமரசம்: வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஆனால் ஓட்ட மாட்டார்கள். நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். அதுவரை வண்டி ஓட்டிப் பழகாதவர். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. இந்த நிகழ்ச்சியை மேடைகளில் சொல்லும்போது வண்டிக்காரர்களின் தீண்டாமையைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கடிவாளம் பிடித்த அந்தக் கை பழகாத கையாக இருந்ததற்குக் காரணமும் அதே தீண்டாமைதான். வண்டித் தொழிலுக்குள் அவரை யார் விட்டார்கள்?

இன்று நிலைமை தலைகீழ். ஸ்பேனர் பிடித்த கை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. எங்கள் பகுதியில் படிப்பு நின்ற பையன் முதலில் போய்ச் சேரும் இடம் மெக்கானிக் ஷெட்தான். வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் இல்லாமல் விரலால் அசைத்தே சொல்லிவிடுவார்கள். பழைய சிஜி 125க்கு ஹோண்டா சொன்ன அளவு 0.08 மில்லிமீட்டர், எஞ்சின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். விரலை மட்டும் நம்பாதீர்கள், கேஜ் வைத்துப் பாருங்கள் என்று அந்தத் தம்பியிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு இங்கே புது வண்டிகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பெட்ரோலை அளந்து தெளிப்பது இப்போது சென்சாரும் கணினியும். ஜெட் கிடையாது, ஊசி கிடையாது. பழுது என்னவென்று கேட்க ஸ்கேனர் கருவியை மாட்ட வேண்டும். அந்தக் கருவியும் பயிற்சியும் இல்லாத ஷெட்டைத் தாண்டி வண்டிகள் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குப் போகின்றன. இருபது வருடக் கைப்பழக்கம் கண்ணெதிரே மதிப்பிழக்கிறது. சீன மலிவு வண்டிகளிலும் இதே மாற்றம் தொடங்கிவிட்டது. ஹாக் வண்டியே பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வகையிலும் வருகிறது.

நம் ஊரில் அந்தச் சீன வண்டியை வரவழைக்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தியாவில் வகைச் சான்று பெறாத வண்டிக்குப் பதிவெண் கிடைக்காது. பதிவெண் இல்லாத வண்டியில் காவல்துறை நிறுத்தும்போது நம் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. கரடுமுரடான பாதையில் ஓட்டும் ஆசை இருந்தால் 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் பழைய வண்டியாகக் கிடைக்கும், உதிரிபாகமும் ஊரிலேயே உண்டு. அமெரிக்காவில் வாங்க நினைக்கும் நம் உறவினர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டும் முன் உற்பத்தியாளரின் மூலச்சான்று கையில் வருமா, அதில் சாலைக்கு உரியது என்று இருக்கிறதா எனக் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் பல மாநிலங்களில் பதிவுக்கு அலைய வேண்டிவரும்.

ஷெட் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு தகவல். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் தொழில்முனைவுத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு, உச்சவரம்பு 3.5 லட்சம் ரூபாய். கருவிகள் வாங்க விண்ணப்பிக்கலாம். மாவட்ட தாட்கோ மேலாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், இடைத்தரகரிடம் போகாதீர்கள். நான் சொன்ன தம்பி ஸ்கேனருக்கும் ஒரு சிறிய கம்ப்ரசருக்கும் விலைப்புள்ளி வாங்கி வைத்துவிட்டார். சாதிச் சான்றிதழில் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்கு நானும் அவரோடு போகிறேன்.